200 இடங்கள், 198 உறுப்பினர்கள்: தென்கொரியாவின் முதல் நாடாளுமன்றத்துக்கு நேர்ந்தது என்ன?

தென்கொரியாவின் முதல் நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள்? புத்தகத்துக்குப் புத்தகம் விடை மாறும். 300 இடங்கள் என்று ஒன்று சொல்லும். 200 என்று இன்னொன்று. தேர்வானவர்கள் 198 பேர்தான் என்று மூன்றாவது. 209 பேரின் பெயர்ப்பட்டியலையே கொடுத்துவிடும் நான்காவது. நான்கில் ஒன்றும் பிழையல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் அரசியல் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், 1948 மே மாதம் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவை ஏழு வாரத்துக்குள் ஒரு நாட்டை உருவாக்கிவிட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் தானே தேர்ந்தெடுத்த அதிபரிடம் எப்படித் தோற்றது என்பது விளங்கும். 2024 டிசம்பரில் சியோலில் ஒரே இரவில் ராணுவச் சட்டம் வந்துபோன செய்தியைப் படித்துக் குழம்பியவர்களுக்கும் இதில் ஒரு விடை உண்டு.

பாதி நாட்டுக்குத் தேர்தல்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்தது. ஜப்பான் சரணடைந்ததும் 38ஆவது அட்சரேகைக்கு வடக்கே சோவியத் படைகளும் தெற்கே அமெரிக்கப் படைகளும் இறங்கின. தற்காலிகக் கோடு என்றுதான் அப்போது பேச்சு. ஒருங்கிணைந்த அரசை அமைப்பதற்காக இரு வல்லரசுகளும் சேர்ந்து ஏற்படுத்திய கூட்டுக் குழு, எந்தக் கொரியக் கட்சிகளோடு பேசுவது என்ற முதல் கேள்வியிலேயே முட்டிக்கொண்டு 1947இல் முடங்கியது. அமெரிக்கா விவகாரத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. கொரியா முழுமைக்கும் தேர்தல் நடத்தித் தேசிய அவை ஒன்றை அமைக்க வேண்டும், அதை மேற்பார்க்கத் தற்காலிக ஆணையம் ஒன்று செல்ல வேண்டும் என்று 1947 நவம்பர் 14 அன்று பொதுச் சபை தீர்மானித்தது.

ஆணையத்துக்கு 9 நாடுகள் அறிவிக்கப்பட்டன. சோவியத் உக்ரைன் சேர மறுத்துவிட்டதால் ஆஸ்திரேலியா, கனடா, சீனா, எல் சால்வடோர், பிரான்ஸ், இந்தியா, பிலிப்பைன்ஸ், சிரியா ஆகிய எட்டும் மிஞ்சின. தலைவராக இருந்தவர் இந்தியாவின் கே.பி.எஸ். மேனன். 1948 ஜனவரியில் ஆணையம் சியோல் போய்ச் சேர்ந்தது. வடக்கே நுழைய சோவியத் தரப்பு அனுமதிக்கவில்லை. போக முடிந்த பகுதியில் மட்டும் தேர்தல் நடத்தலாமா என்ற கேள்வியை மேனன் ஐ.நா.வுக்கே திருப்பி எடுத்துச் சென்றார். பிப்ரவரி 26 அன்று பொதுச் சபையின் இடைக்காலக் குழு நடத்தலாம் என்றது. ஆதரவு 31, எதிர்ப்பு 2, நடுநிலை 11. எதிர்த்த இரண்டும் ஆணையத்திலேயே அங்கம் வகித்த நாடுகள்: ஆஸ்திரேலியாவும் கனடாவும்.

கொரியர்களிடையேயும் இதில் ஒற்றுமை இல்லை. சீனாவிலிருந்து இயங்கிய நாடுகடந்த அரசின் தலைவராக இருந்த கிம் கூ, மிதவாதி கிம் கியூ-சிக் இருவரும், தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தால் நாடு நிரந்தரமாகப் பிளந்துவிடும் என்றார்கள். ஏப்ரலில் பியோங்யாங் போய் வடக்குத் தலைவர்களோடு பேசியும் பார்த்தார்கள், பயனில்லை. அவர்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். இடதுசாரிகள் தேர்தலை எதிர்த்துப் போராடினார்கள். ஆகவே களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் வலதுசாரிகளும் சுயேச்சைகளுமே. முதல் அவையின் தன்மையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், இந்த விடுபடலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

நான்கு எண்கள்

1. 300. கொரியா முழுமைக்கும் வகுக்கப்பட்ட இடங்கள். மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு தெற்கில் இருந்தது. எனவே தெற்குக்கு 200, வடக்குக்கு 100. வடக்கில் தேர்தல் நடக்கும் நாளுக்காக அந்த 100 இடங்களும் காலியாக விடப்பட்டன.

2. 200. தெற்கில் வரையப்பட்ட தொகுதிகள். தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அதிக வாக்கு பெற்றவர் வெற்றி.

3. 198. 1948 மே 10 அன்று உண்மையில் தேர்வானவர்கள். ஜேஜு தீவில் ஏப்ரல் 3 அன்று கிளர்ச்சி வெடித்திருந்தது. தேர்தலைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வாக்களிக்காமல் இருப்பதற்காக மக்கள் கூட்டங்கூட்டமாக மலைப்பக்கம் ஏறிப் போனார்கள். தீவின் 3 தொகுதிகளில் வட ஜேஜுவின் இரண்டில் வாக்குப்பதிவு பாதியைக்கூட எட்டாததால் தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அவ்விரு இடங்களும் சரியாக ஓராண்டு கழித்து, 1949 மே 10 அன்று நடந்த மறுதேர்தலில்தான் நிரம்பின. அந்த ஓராண்டுக்குள் தீவில் நடந்த அடக்குமுறை தனிக் கட்டுரைக்கு உரியது. கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கியதிலும் மடிந்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

4. 209. மறுதேர்தலிலும் இடைத்தேர்தல்களிலும் வந்தவர்களைச் சேர்த்து, இரண்டாண்டுப் பதவிக்காலத்தில் அந்த அவையில் உட்கார்ந்தவர்களின் மொத்தம்.

காலியாகக் கிடந்த 100 இடங்களுக்கு ஓர் எதிர்ப்பதிலும் இருந்தது. 1948 ஆகஸ்ட் 25 அன்று வடக்கில் உச்ச மக்கள் சபைக்குத் தேர்தல் நடந்தது. அங்கே 572 இடங்கள். அவற்றுள் 360 தெற்குக்குரியவை என்று அறிவித்தார்கள். தெற்கில் ரகசியமாகத் தேர்தல் நடத்தியதாகச் சொல்லி, ஹேஜு நகரில் கூடிய பிரதிநிதிகளைக் கொண்டு அந்த 360 பேரையும் நியமித்துவிட்டார்கள். தெற்கு நாற்காலிகளைக் காலியாக வைத்து வடக்குக்கு உரிமை கொண்டாடியது. வடக்கு நாற்காலிகளை நிரப்பித் தெற்குக்கு உரிமை கொண்டாடியது. முழுக் கொரியாவுக்கும் நாங்களே அரசு என்பதுதான் இரு பக்கத்தின் வாதமும்.

வாக்காளர்களும் வேட்பாளர்களும்

21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. 25 வயதானால் போட்டியிடலாம். பட்டியலில் பெயர் பதிந்தவர்கள் சுமார் 78 லட்சம் பேர், அவர்களில் 95.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம் என்பதால், வாக்குச்சீட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எண்ணுக்குப் பதிலாக நேர்க்கோடுகள்: முதல்வருக்கு ஒரு கோடு, இரண்டாமவருக்கு இரண்டு, இப்படி. 95.5 என்பது பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் போலீசும் ஊர்க்காவல் அணிகளும் வாக்குச்சாவடிகளைச் சுற்றி நின்ற தேர்தல் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

மொத்த வேட்பாளர்கள் 948. பெண்கள் இருபதுக்கும் குறைவு, ஒருவரும் ஜெயிக்கவில்லை. அவைக்குள் நுழைந்த முதல் பெண் இம் யோங்-ஷின். 1949 ஜனவரியில் அன்டோங் இடைத்தேர்தலில் வென்றார்; அதற்கு முன்பே அவர் வணிக, தொழில் அமைச்சராகியிருந்தார்.

ஒரு தொகுதியை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். சியோலின் டோங்டேமுன் ‘அ’ தொகுதியில் நின்றவர் சிங்மன் ரீ. பல்லாண்டுகள் அமெரிக்காவில் இருந்து சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்து 1945இல் திரும்பியவர். அப்போது எழுபதைத் தாண்டியவர். அவரை எதிர்த்து நிற்க முன்வந்தவர் சோய் நுங்-ஜின் என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி. காலனி ஆட்சியில் ஜப்பானுக்கு ஏவல் செய்த போலீஸ்காரர்களை நீக்கச் சொல்லிப் பதவி இழந்தவர் அவர். முன்மொழிந்தோரின் கையெழுத்துகளில் கோளாறு என்று காரணம் காட்டி அவருடைய வேட்புமனு ரத்து செய்யப்பட்டது. ரீ போட்டியின்றித் தேர்வானார். சோய் 1951இல் ராணுவ நீதிமன்றத் தண்டனையின்படி சுட்டுக்கொல்லப்பட்டார். பல பத்தாண்டுகள் கழித்து மறுவிசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

யார் ஜெயித்தார்கள்?

ரீயின் ஆதரவாளர்களான ‘விடுதலையை விரைவுபடுத்தும் தேசியச் சங்கம்’ 55 இடங்கள். நிலவுடைமையாளர்களும் படித்த மேல்தட்டினரும் நிறைந்த கொரிய ஜனநாயகக் கட்சி 29. இரண்டு வலதுசாரி இளைஞர் அணிகள் 12, 6. உதிரி அமைப்புகளுக்குச் சில இடங்கள். மிச்சம் 85 பேரும் சுயேச்சைகள்.

அவையின் பலமும் பலவீனமும் அந்த 85க்குள்தான் இருந்தன என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அவர்கள் ஒரே இனமல்ல. ஜனநாயகக் கட்சிக்கு ஊரில் நல்ல பெயர் இல்லாததால் சுயேச்சை வேடம் போட்டு வந்த அக்கட்சிக்காரர்கள் சிலர். கிம் கூவின் புறக்கணிப்பை மீறிக் களம் இறங்கிய அவருடைய அனுதாபிகள் சிலர். இஞ்சோனில் வென்ற முன்னாள் கம்யூனிஸ்ட் சோ போங்-ஆம் போன்றவர்களும் உண்டு. நிலச் சீர்திருத்தம், ஜப்பானியருக்குத் துணைபோனவர்களுக்குத் தண்டனை, அந்நியப் படைகள் வெளியேற்றம் ஆகியவற்றை விடாப்பிடியாகக் கேட்ட இளைய உறுப்பினர் குழு ஒன்று இவர்களிடையே திரண்டது. எந்தத் தலைமையும் கொறடாவும் அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் அரசை அஞ்சாமல் எதிர்த்தார்கள். ஆபத்து வந்தபோது காப்பாற்றக் கட்சியும் இல்லை. அதனால் ஒருவர் ஒருவராக வீழ்ந்தார்கள்.

ஏழு வாரத்தில் ஓர் அரசியலமைப்பு

மே 31 அன்று அவை கூடியது. வயதில் மூத்தவர் என்ற முறையில் ரீ தலைமை ஏற்றார். மெதடிஸ்ட் போதகரான லீ யுன்-யோங் என்ற உறுப்பினரை எழுந்து ஜெபம் செய்யச் சொன்னார். பிறகு ரீ சபாநாயகராகத் தேர்வானார். ஷின் இக்-ஹி, கிம் டோங்-வொன் இருவரும் துணை சபாநாயகர்கள்.

இந்த அவை அரசியல் நிர்ணய சபையாகவும் சட்டமியற்றும் நாடாளுமன்றமாகவும் இரட்டை வேலை பார்த்தது. இந்தியாவிலும் அப்படித்தான் நடந்தது என்றாலும், இந்திய அரசியல் நிர்ணய சபைக்கு மாகாணச் சட்டமன்றங்கள் உறுப்பினர்களை அனுப்பின. கொரியாவில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியா கிட்டத்தட்ட மூன்றாண்டு எடுத்துக்கொண்ட வேலையை அவர்கள் ஜூலை 17க்குள் முடித்துவிட்டார்கள். அவசரத்தின் தழும்பு அரசியலமைப்பில் தெரிகிறது.

சட்ட அறிஞர் யூ ஜின்-ஓ தயாரித்த வரைவு, பிரதமர் தலைமையிலான அமைச்சரவை ஆட்சியை முன்வைத்தது. அதிபர் பெயரளவுக்கு இருப்பார். ஜனநாயகக் கட்சி விரும்பியதும் அதுவே: ரீயை மேலே உட்கார வைத்துவிட்டு ஆட்சியைத் தாங்கள் நடத்தலாம். ரீ இதைப் புரிந்துகொள்ளாதவரா? அத்தகைய ஆட்சியில் எந்தப் பதவியும் ஏற்க மாட்டேன் என்று ஜூன் மாதக் கடைசியில் அறிவித்துவிட்டார். அவர் இல்லாமல் அரசு அமையாது என்ற நிலை. கட்சி பணிந்தது, வரைவு அவசர அவசரமாக அதிபர் ஆட்சி முறைக்கு மாற்றப்பட்டது. ஆனால் பழைய வரைவின் துண்டுகள் அப்படியே தங்கிவிட்டன. விளைவாக உருவான ஏற்பாடு இது:

1. அதிபரை மக்கள் அல்ல, நாடாளுமன்றமே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். பதவிக்காலம் நான்காண்டு, இன்னொரு முறை தேர்வாகலாம்.

2. பிரதமரை அதிபர் நியமிப்பார். நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும்.

3. தேர்ந்தெடுத்த அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது. குற்றச்சாட்டு சுமத்திப் பதவி நீக்கம் செய்யும் கடினமான வழி மட்டுமே உண்டு.

4. அதிபராலும் அவையைக் கலைக்க முடியாது.

ஒருவரை ஒருவர் விலக்கவும் முடியாது, சார்ந்திராமல் இருக்கவும் முடியாது. சண்டை வந்தால் சட்டத்துக்குள் தீர்வே கிடையாது. மறுதேர்வுக்கு அதிபர் இதே அவையின் வாக்கைத்தான் கேட்டு நிற்க வேண்டும். 1952இல் வெடித்த நெருக்கடிக்கு 1948லேயே திரி கொளுத்தப்பட்டுவிட்டது.

அந்த அரசியலமைப்பில் பாராட்டத்தக்கவையும் இருந்தன. விளைநிலம் உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்றது. தனியார் நிறுவன லாபத்தில் தொழிலாளிக்குப் பங்குரிமை உண்டு என்றது. இன்றைய தென்கொரியாவைப் பார்ப்பவர்கள் இந்தப் பிரிவு அங்கே இருந்தது என்று சொன்னால் நம்பத் தயங்குவார்கள்.

ஜூலை 20 அன்று அவை அதிபரைத் தேர்ந்தெடுத்தது. வாக்களித்த 196 பேரில் 180 பேர் ரீக்கு. வேட்பாளராக நிற்கவே நிற்காத கிம் கூவுக்கு 13 வாக்குகள் விழுந்தன.

மோதல் தொடங்குகிறது

ஒரு வாரம்கூட முழுதாக அமைதி நிலவவில்லை. பிரதமர் பதவிக்கு ரீ முன்மொழிந்த பெயர், திறப்பு நாளில் ஜெபம் செய்த லீ யுன்-யோங். பிரதமர் பதவியை எதிர்பார்த்த ஜனநாயகக் கட்சியும் சுயேச்சைகளும் சேர்ந்து அதை நிராகரித்தார்கள்: எதிர்ப்பு 132, ஆதரவு 59. அடுத்து வந்த முன்னாள் விடுதலைப் படைத் தளபதி லீ போம்-சோக்கின் பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. 1948 ஆகஸ்ட் 15 அன்று கொரியக் குடியரசு பிரகடனமாயிற்று. ஷின் இக்-ஹி சபாநாயகரானார். காலியான துணை சபாநாயகர் நாற்காலிக்குக் கிம் யாக்-சூ வந்தார்.

உண்மையான மோதல் பழைய கணக்கைத் தீர்ப்பதில் எழுந்தது. ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர்களைத் தண்டிக்கும் ‘தேசவிரோதச் செயல்கள் தண்டனைச் சட்டம்’ 1948 செப்டம்பரில் நிறைவேறியது. சட்டத்தை இயற்றியதோடு அவை நிற்கவில்லை. கிம் சாங்-டோக் தலைமையில் உறுப்பினர்களைக் கொண்ட சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குச் சொந்தமாகக் காவல் பிரிவு, தனி வழக்கறிஞர்கள், தனி நீதிமன்றம். 1949 ஜனவரியில் கைதுகள் தொடங்கின. முதலில் பிடிபட்டவர் சியோலின் பெரும் வணிகர் பார்க் ஹியுங்-சிக். சில நாட்களில் காலனிக் காலத்தில் சித்திரவதைக்குப் பேர்போன போலீஸ் அதிகாரி நோ டோக்-சுல்லும் பிடிபட்டார்.

இங்கேதான் ரீயின் சங்கடம் வெளிப்பட்டது. ஜப்பானியரை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் அவர். ஆனால் அவருடைய போலீஸ் துறை ஜப்பானியர் பயிற்றுவித்த ஆட்களால் ஓடிக்கொண்டிருந்தது. 1948 அக்டோபரில் யோசு நகரில் ஒரு ராணுவப் படைப்பிரிவே ஜேஜு தீவுக்குப் போக மறுத்துக் கிளர்ந்திருந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இந்தப் போலீஸ்காரர்கள் தேவை என்று அவர் வெளிப்படையாகவே விசாரணையை எதிர்த்தார். 1949 ஜூன் 6 காலையில் சியோல் போலீசார் விசாரணைக் குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து, அதன் காவலர்களை நிராயுதபாணியாக்கி இழுத்துச் சென்றார்கள். உத்தரவு தன்னுடையதே என்று ரீ பிறகு ஒப்புக்கொண்டார். வழக்குத் தொடுப்பதற்கான கெடு அந்த ஆகஸ்ட் 31ஆக வெட்டப்பட்டது. விசாரணைக்கு வந்த சுமார் 680 வழக்குகளில் தண்டனை வரை போனவை சொற்பம்.

சொந்தச் சட்டத்தில் சிக்கிய உறுப்பினர்கள்

யோசு கிளர்ச்சியின் பதற்றத்தில் இதே அவை இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தது: 1948 டிசம்பர் 1இன் தேசியப் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டம் நாளை யார்மீதும் பாயும் என்று எச்சரித்துக் கைவிடச் சொன்னவர்கள் அவைக்குள்ளேயே இருந்தார்கள். பெரும்பான்மை கேட்கவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை; பாய்ந்தது.

1949 மே மாதம், கூட்டத்தொடர்களுக்கு நடுவே அவை கூடாதிருந்த நாட்களில், மூன்று உறுப்பினர்கள் கைதானார்கள். நேரம் தற்செயலானதல்ல: கூட்டத்தொடர் நடக்கும்போது உறுப்பினரைக் கைது செய்ய அவையின் சம்மதம் வேண்டும் என்றது அரசியலமைப்பு. அவை மீண்டும் கூடியதும் அவர்களை விடுவிக்கக் கோரும் தீர்மானம் வந்தது. சிறிய வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்வி கதவைத் திறந்துவிட்டது. ஜூனிலும் ஆகஸ்டிலும் மேலும் பலர் சிக்கினார்கள். துணை சபாநாயகர் கிம் யாக்-சூவும் தப்பவில்லை.

கொரியாவில் இதை ‘பிராக்ட்சியா வழக்கு’ என்பார்கள். ஓர் அமைப்புக்குள் ஊடுருவி இயங்கும் கம்யூனிஸ்ட் கட்சியின் ரகசியக் குழுவுக்கு ரஷ்யர்கள் தந்த பெயர் அது. தெற்கின் கம்யூனிஸ்ட் கட்சியான தென் கொரியத் தொழிலாளர் கட்சியின் கட்டளைப்படி இவர்கள் நாடாளுமன்றத்துக்குள் வேலை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது, வடக்கே போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் உடலில் மறைத்து வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ரகசியக் கடிதம். அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு ஒருநாளும் கொண்டுவரப்படவில்லை. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஐ.நா. ஆணையத்திடம் மனுக் கொடுத்ததும் குற்றங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த ஜூன் 29க்குள் அமெரிக்கப் படைகள், ராணுவ ஆலோசகர்கள் சிலரை விட்டுவிட்டு, தாமாகவே வெளியேறி முடித்திருந்தன. மூன்று நாள் முன்னதாக, ஜூன் 26 அன்று, கிம் கூ தம் வீட்டிலேயே ஒரு ராணுவ அதிகாரியால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1950 மார்ச்சில் 13 உறுப்பினர்களுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்கத் தூதரக அதிகாரி கிரெகரி ஹெண்டர்சன் ஆட்களை அனுப்பி விசாரணையைப் பதிவு செய்ய வைத்ததால்தான் அதன் விவரங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே போர் வந்தது. சியோலைப் பிடித்த வடகொரியப் படைகள் சிறையைத் திறந்துவிட்டன. ஒருவரைத் தவிர மற்றவர்கள் வடக்கே போய்ச் சேர்ந்தார்கள். போனதே அவர்கள் கம்யூனிஸ்டுகள் என்பதற்கு அத்தாட்சி என்று தெற்கில் பல்லாண்டுகள் சொல்லப்பட்டது. சிறை வைத்த அரசு கைவிட்டு ஓடிய நகரத்தில், எதிரிப் படையின் பிடியில் இருந்தவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்ததே இல்லை.

இரண்டாண்டு முடிகிறது

இந்த அவைக்கு அரசியலமைப்பே இரண்டாண்டுதான் கொடுத்திருந்தது. 1950 மார்ச்சில் அமைச்சரவை ஆட்சிக்கு மாறும் திருத்தம் ஒன்று வந்து தோற்றது. தேர்தலைத் தள்ளிப்போட ரீ முயன்றார். உதவியை மறுபரிசீலிக்க நேரும் என்று வாஷிங்டன் எச்சரித்ததும் இறங்கிவந்தார். மே 30 அன்று 210 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. சுயேச்சைகள் 126! முதல் அவையின் உறுப்பினர்களில் திரும்பி வந்தவர்கள் 31 பேர்தான். இரண்டாவது அவை ஜூன் 19 அன்று கூடியது. ஆறாம் நாள் போர் வெடித்தது.

சியோலில் மாட்டிக்கொண்ட பழைய, புதிய உறுப்பினர்கள் பலரை வடகொரியர் பிடித்துச் சென்றார்கள். விசாரணைக் குழுவை நடத்திய கிம் சாங்-டோக் அவர்களில் ஒருவர். அதாவது ஜப்பானிய ஆதரவாளர்களைத் துரத்தியவரும், துரத்தப்பட்ட தரப்புக்கு நெருங்கிய ஜனநாயகக் கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள்.

சோ போங்-ஆமின் முடிவு தெற்கிலேயே நிகழ்ந்தது. முதல் வேளாண் அமைச்சராக நிலச் சீர்திருத்தத்துக்கு வரைவு தயாரித்தவர் அவர். ஒரு குடும்பம் சுமார் 3 ஹெக்டேருக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்தாண்டுத் தவணையில் கட்டிவிட்டு உழவர் நிலத்துக்கு உரிமையாளராகலாம் என்று 1950 மார்ச்சில் இறுதி வடிவம் பெற்ற சட்டம், அந்த முதல் அவை விட்டுச்சென்றவற்றில் நாட்டை அதிகம் மாற்றியது. 1956 அதிபர் தேர்தலில் ரீயை எதிர்த்து நின்ற சோ 21 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். 1959 ஜூலை 31 அன்று உளவு வழக்கில் தூக்கிலிடப்பட்டார். 2011இல் தென்கொரிய உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது.

1949இல் எழுதப்பட்ட ஒரு வரி

யோசுவிலும் ஜேஜுவிலும் 1948இல் ராணுவச் சட்டம் பிரகடனமானபோது, அதை ஒழுங்குபடுத்தும் சட்டமே நாட்டில் இல்லை. அந்தச் சட்டத்தை முதல் அவை 1949 நவம்பரில்தான் இயற்றியது. அதில் ஒரு பிரிவு: ராணுவச் சட்டத்தை விலக்கும்படி நாடாளுமன்றம் கேட்டால் அதிபர் விலக்கியே தீர வேண்டும்.

முதல் சோதனை 1952இல், போர்க்காலத் தலைநகரான பூசானில் வந்தது. அவை தன்னை மீண்டும் தேர்ந்தெடுக்காது என்பது ரீக்குத் தெரியும். அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்; ஜனவரி 18 அன்று 143க்கு 19 என்ற கணக்கில் அவை அதைத் தூக்கியெறிந்தது. மே 25 அன்று ராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. தரைப்படைத் தலைமைத் தளபதி லீ ஜோங்-சான் துருப்புகளை அனுப்ப மறுத்தார். வேறொரு தளபதியையும் ராணுவப் போலீசையும் வைத்து ரீ காரியத்தை முடித்துக்கொண்டார். மறுநாள் உறுப்பினர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்த பஸ்ஸை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மே 28 அன்று ராணுவச் சட்டத்தை விலக்கக் கோரி அவை தீர்மானம் போட்டது. சட்டப்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ரீ கண்டுகொள்ளவே இல்லை. ஜூலை 4 இரவு, போலீஸ் சூழ்ந்திருக்க, உறுப்பினர்கள் எழுந்து நின்று வாக்களித்தார்கள்: திருத்தத்துக்கு ஆதரவு 163, எதிர்ப்பு 0, நடுநிலை 3. அந்த ஆகஸ்டில் மக்கள் வாக்கில் ரீ மீண்டும் அதிபரானார்.

அந்த வரி பிறகு சாதாரணச் சட்டத்திலிருந்து அரசியலமைப்புக்கே ஏறியது. ஏற்றியது 1962இல், ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீயின் ஆட்சி என்பது வரலாற்றின் குறும்பு. 1987 அரசியலமைப்பின் 77ஆவது பிரிவில் அது இன்றும் இருக்கிறது: மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கேட்டால் அதிபர் விலக்க வேண்டும். 300 பேர் கொண்ட அவையில் அதற்கு 151 வாக்குகள் தேவை.

2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்ததும் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்கு ஓடியது இந்த எண்ணை எட்டத்தான். சபாநாயகர் ஊ வொன்-ஷிக் மதிலேறிக் குதித்து உள்ளே போனார். நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் வாக்கெடுப்பு நடந்தது. வந்து சேர்ந்திருந்த 190 பேரும் விலக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அதிகாலையில் அமைச்சரவை கூடி ராணுவச் சட்டத்தை விலக்கிக்கொண்டது.